கேள்வி உங்களோடது: அஃபாஃப் மெலைஸ், நர்ஸிங், டாக்டர் பசங்களோட ஒரே கிளாஸ்

போன இதழ்ல நர்ஸிங்ல பிஎச்டி பண்றது பத்தி ஒரு தங்கச்சி கேட்டதுக்கு பதில் சொல்றப்போ அஃபாஃப் மெலைஸ்னு ஒரு பேரைச் சொல்லியிருந்தேன். எகிப்துல பொறந்து, அமெரிக்காவுல பென்சில்வேனியா யுனிவர்சிட்டி நர்ஸிங் ஸ்கூலுக்கு டீனா இருந்தவங்க. அதுக்கப்புறம் வந்த கடிதம், வாட்ஸ்அப் எல்லாத்துலயும் பாதிக்கு மேல அவங்களைப் பத்திதான், இல்லன்னா நர்ஸிங் பசங்களும் டாக்டர் பசங்களும் சேர்ந்து படிக்கிறது பத்தி. அதனால இந்தத் தடவை முழுக்க அதையே எடுத்துக்கலாம். டியூட்டரா ஆரம்பிச்சு கிளாஸும் வார்டுமாவே வாழ்க்கை ஓட்டினவ நான், இது எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம், சில பதில் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

மேடம், மெலைஸ் பேரு எங்க புக்ல 'டிரான்சிஷன் தியரி'ன்னு ஒரு மூலையில வருது. எக்ஸாமுக்கு நாலு பாயின்ட் மனப்பாடம் பண்ணதோட சரி. அவங்க யாரு, என்ன பண்ணாங்க? கொஞ்சம் விவரமா சொல்லுங்களேன். — பி.எஸ்சி. நர்ஸிங் மாணவி, திருச்சி

1942-ல எகிப்துல அலெக்சாண்ட்ரியாவுல பொறந்தாங்கம்மா. அந்த ஊர் யுனிவர்சிட்டியிலேயே நர்ஸிங் டிகிரி முடிச்சாங்க. ராக்கஃபெல்லர் ஃபெல்லோஷிப் கிடைச்சது, நேரா லாஸ் ஏஞ்சலிஸ், கலிஃபோர்னியா யுனிவர்சிட்டி. அங்க 1964-ல நர்ஸிங்ல மாஸ்டர்ஸ், 1966-ல சோஷியாலஜில இன்னொரு மாஸ்டர்ஸ், 1968-ல மெடிக்கல் அண்ட் சோஷியல் சைக்காலஜில பிஎச்டி. இந்த வரிசையைக் கொஞ்சம் நின்னு பாருங்க. நர்ஸிங்கை கையில வெச்சுக்கிட்டே பக்கத்து ரெண்டு படிப்பு வீட்டுக்குள்ளயும் போய் உக்காந்து கத்துக்கிட்டு வந்திருக்காங்க. பின்னாடி அவங்க பேசின எல்லாத்துக்கும் வேர் இங்கதான் இருக்குன்னு நான் நினைக்கிறேன்.

1971-ல சான் ஃபிரான்சிஸ்கோ போனாங்க, அங்க இருக்கற கலிஃபோர்னியா யுனிவர்சிட்டிலதான் ரொம்ப வருஷம். டிரான்சிஷன் தியரி, அதாவது மனுஷன் ஒரு நிலைல இருந்து இன்னொண்ணுக்கு மாறுற நேரத்தைப் பத்தின கோட்பாடு, வளர்ந்தது அங்கதான். 1985-ல நர்ஸிங் கோட்பாடுகள் பத்தி ஒரு பெரிய புத்தகம் போட்டாங்க, அது இன்னிக்கு வரைக்கும் புதுப்புது பதிப்பா வந்து உலகம் பூரா எம்.எஸ்சி, பிஎச்டி பசங்க கையில இருக்கு. 2002-ல ஃபிலடெல்ஃபியாவுல பென்சில்வேனியா யுனிவர்சிட்டி நர்ஸிங் ஸ்கூல் டீன், 2014 வரைக்கும். நடுவுல 2010-ல லான்செட்ங்கற மருத்துவப் பத்திரிகை மருத்துவக் கல்வியை மாத்தறதுக்கு ஒரு கமிஷன் போட்டப்போ அதுல உறுப்பினர். 2012-ல அமெரிக்காவுல இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின் ஹெல்த் படிப்புகளைப் புதுசா யோசிக்கறதுக்குன்னு ஒரு உலக ஃபோரம் ஆரம்பிச்சாங்க, அதுக்கு ஜோர்டன் கோஹன்னு ஒரு டாக்டரும் இவங்களும் சேர்ந்து தலைமை. ஒரு டாக்டர், ஒரு நர்ஸ், ரெண்டு நாற்காலியும் சமம். அப்புறம் 2015-ல அமெரிக்கன் அகாடமி ஆஃப் நர்ஸிங் 'லிவிங் லெஜண்ட்'னு கௌரவிச்சாங்க.

நாலு பாயின்ட் மனப்பாடம்னு சொன்னீங்களே, அதுக்குக் கீழ இன்னொரு கேள்விக்கு பதில் சொல்லியிருக்கேன், அதைப் படிச்சுட்டு உங்க புக்கைத் திரும்ப எடுங்க.

நான் கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரில ஸ்டாஃப் நர்ஸ். என் பொண்ணு பிளஸ் டூ முடிச்சுட்டு நர்ஸிங்தான் படிப்பேன்னு ஒத்தக்கால்ல நிக்கறா. எனக்கு மனசே இல்ல. நான் பட்டதே போதும்னு தோணுது. நான் தடுக்கறது தப்பா? — ஒரு அம்மா, விழுப்புரம்

சிஸ்டர், உங்க கடிதத்தைப் படிச்சதும் எனக்கு மெலைஸோட அம்மாதான் ஞாபகம் வந்தாங்க. அவங்களும் நர்ஸ். சாதாரண நர்ஸ் இல்ல, அந்தக் காலத்துலயே அமெரிக்காவுல சிரக்யூஸ் யுனிவர்சிட்டி போய் டிகிரி வாங்கிட்டு வந்தவங்க, எகிப்துல பிஎச்டி வாங்கின முதல் நர்ஸ் அவங்கதான்னு சொல்வாங்க. மத்திய கிழக்கோட நைட்டிங்கேல்னு பேர் எடுத்தவங்க. அப்பேர்ப்பட்ட அம்மாவே, பொண்ணு நர்ஸிங் போறேன்னு சொன்னப்போ வேணாம்னுதான் சொன்னாங்க, அப்பாவும் அதேதான்.

ஏன்னு கேட்டா, வேலை கஷ்டம்னோ சம்பளம் கம்மின்னோ இல்ல. நர்ஸோட பேச்சு எடுபடறதுக்கு எவ்வளவு போராட வேண்டியிருக்குன்னு அந்த அம்மாவுக்குத் தெரியும். பேஷண்ட் பக்கத்துலயே நிக்கறவ நான், எனக்குத் தெரிஞ்சதை சொன்னா காதுல வாங்க ஆள் இல்லையேங்கற அந்த ஆத்தாமை. உங்க கடிதத்துல ரெண்டாவது பக்கத்துல நீங்க எழுதியிருக்கறதும் அதேதானே, ரவுண்ட்ஸ்ல சீஃப் வர்றப்போ கேஸ் ஷீட்டை நீட்டறதுக்கு மட்டும்தான் நம்ம கை வேணும்னு. கடைசில அவங்க பொண்ணு பிடிவாதமா நின்னதும் சரின்னு விட்டாங்க, இவளால முடியும்னு நம்பினாங்க.

தப்பான்னு கேட்டா, பயப்படறது தப்பில்ல, தடுக்க வேணாம்னுதான் சொல்வேன். ஆனா கண்ணை மூடிக்கிட்டும் அனுப்பாதீங்க. சேர்க்கற காலேஜுக்கு இந்தியன் நர்ஸிங் கவுன்சில் அங்கீகாரம் இருக்கான்னு பாருங்க, அதைவிட முக்கியமா அந்த காலேஜுக்கு சொந்தமா நோயாளி நிறைய வர்ற ஆஸ்பத்திரி இருக்கான்னு நேர்லயே போய்ப் பாருங்க, நீங்க ஒரு வார்டுக்குள்ள நுழைஞ்சாலே உங்களுக்குத் தெரிஞ்சுடும். பொண்ணுகிட்ட டிகிரியோட நிக்காம மேல படிக்கணும்னு இப்பவே பேசி வைங்க. எம்.எஸ்சி இருக்கு, ஐசியுல நர்ஸ் பிராக்டிஷனர்னு 2 வருஷப் படிப்பு வந்திருக்கு. பேச்சு எடுபடணும்னா நம்மகிட்ட அறிவும் இருக்கணும், அதுக்கு ஒரு காகிதமும் இருக்கணும், நம்ம தொழில்ல அப்படித்தான் நிலைமை.

அப்பாவுக்கு பக்கவாதம் வந்து பெரிய ஆஸ்பத்திரில இருந்தார். நல்லாதான் பாத்தாங்க, குறை சொல்ல முடியாது. ஒரு நாள் காலைல டிஸ்சார்ஜ்னு சொல்லி ஒரு கவர் மாத்திரையும் சம்மரியும் கையில குடுத்துட்டாங்க. ராத்திரி மூக்கு டியூப்ல கஞ்சி எப்படி ஊத்தறதுன்னு தெரியாம நானும் அம்மாவும் பேந்தப் பேந்த முழிச்சோம். இதெல்லாம் யார் சொல்லித் தரணும்? — வாசகர், தஞ்சாவூர்

தம்பி, நீங்க நர்ஸிங் படிக்கல, ஆனா டிரான்சிஷன் தியரிக்கு இதைவிட நல்ல உதாரணம் எந்தப் புக்லயும் இருக்காது. மெலைஸ் ஆரம்பத்துல ஆராய்ச்சி பண்ணது கர்ப்பத்தைத் திட்டமிடறது பத்தி, புதுசா அப்பா அம்மா ஆகறவங்க பத்தி. நேத்து வரைக்கும் புருஷன் பொண்டாட்டி, இன்னிக்கு அம்மா அப்பா. அந்த மாறுற நேரத்துல மனுஷன் தடுமாறுறான், புது வேலையை யாரும் சொல்லித் தர்றதில்ல, அங்கதான் நர்ஸ் வேணும்னு அவங்களுக்குத் தோணுச்சு. அதைப் பிடிச்சுக்கிட்டே மத்த மாற்றங்களையும் பாத்தாங்க. வயசு ஏறறப்போ வர்ற மாற்றம், ஊர் விட்டு ஊர் போறது மாதிரி நிலைமை மாறுறது, நல்லா இருந்தவர் நோயாளி ஆகறது இல்ல நோயாளி வீட்டுக்குத் திரும்பறது, அப்புறம் ஆஸ்பத்திரியே ஒரு நிர்வாகத்துல இருந்து இன்னொண்ணுக்கு மாறுறது.

உங்க அப்பா மட்டும் மாறல, நீங்களும் அம்மாவும் ஒரே நாள்ல மகன், மனைவிங்கறதோட கூட கேர்டேக்கராவும் ஆயிட்டீங்க. அதுக்கு உங்களைத் தயார் பண்ண வேண்டியது ஆஸ்பத்திரியோட வேலை. குறிப்பா நர்ஸோட வேலை, ஆனா நர்ஸ் மட்டும் இல்ல, விழுங்கற பயிற்சிக்கு ஸ்பீச் தெரபிஸ்ட், கை கால் பயிற்சிக்கு பிசியோ, சாப்பாட்டுக்கு டயட்டீஷியன், மருந்துக்கு ஃபார்மசிஸ்ட், எல்லாத்தையும் கோத்து சொல்ல டாக்டர். இவங்க எல்லாரும் டிஸ்சார்ஜுக்கு முன்னாடி பத்து நிமிஷம் கூடிப் பேசியிருந்தா நீங்க அன்னிக்கு ராத்திரி முழிச்சிருக்க வேண்டாம்.

மெலைஸ் டீனா இருந்த அதே ஸ்கூல்ல மேரி நெய்லர்னு ஒரு பேராசிரியை. இவங்க மெலைஸ் வர்றதுக்கு முன்னாடியே 1999-ல ஒரு ஆராய்ச்சி வெளியிட்டாங்க. ஆஸ்பத்திரில இருந்து வீட்டுக்குப் போற 363 வயசானவங்க, பாதிப் பேருக்கு வழக்கமான டிஸ்சார்ஜ், மீதிப் பேருக்கு மேல்படிப்பு படிச்ச ஒரு நர்ஸ் ஆஸ்பத்திரிலயே பழகி, வீட்டுக்கும் வந்து பாத்து, போன்லயும் கேட்டு, டாக்டரோட பேசி எல்லாம் ஒழுங்கு பண்ணாங்க. 24 வாரத்துல வழக்கமான குரூப்ல நூத்துக்கு 37 பேர் திரும்ப அட்மிட் ஆனாங்க, நர்ஸ் பாத்த குரூப்ல 20 பேர். மருந்து ஒண்ணும் புதுசு இல்ல, ஆபரேஷன் இல்ல. கைமாத்தி விடறதை சரியா செஞ்சதுக்கே இவ்வளவு வித்தியாசம்.

இப்போ உங்களுக்கு உடனே வேண்டியது: தலைமாட்டை நல்லா உயர்த்தி, பாதி உக்காந்த நிலையில வெச்சுதான் டியூப்ல ஊத்தணும். ஊத்தறதுக்கு முன்னாடி டியூப் வெளில இழுத்து வந்திருக்கான்னு மார்க்கைப் பாருங்க, சந்தேகம்னா ஊத்தவே ஊத்தாதீங்க. அழுத்தித் தள்ளக்கூடாது, தன்னால இறங்கணும். இருமினாலோ மூச்சு வாங்கினாலோ உடனே நிறுத்திட்டு ஆஸ்பத்திரிக்குப் பேசுங்க. முடிச்சப்புறம் கொஞ்சம் தண்ணி விட்டு டியூபைக் கழுவி, குறைஞ்சது அரை மணி நேரமாவது படுக்க வைக்காதீங்க. அடுத்த செக்கப் போறப்போ வார்டு சிஸ்டர் முன்னாடி நீங்களும் அம்மாவும் உங்க கையால ஒரு தடவை செஞ்சு காட்டுங்க, "சரியா இருக்கா சிஸ்டர்"னு கேளுங்க. கூச்சப்படாதீங்க, எந்த சிஸ்டரும் கோவிச்சுக்க மாட்டாங்க.

எங்க காலேஜ்ல 'இன்டர்புரொஃபஷனல் எஜுகேஷன்'னு ஒரு நாள் ஒர்க்‌ஷாப் நடந்துச்சு. மெடிக்கல், நர்ஸிங், ஃபார்மசி, பிசியோ எல்லாரும் ஒரே ஆடிட்டோரியத்துல உக்காந்து லெக்சர் கேட்டோம், மத்தியானம் பிரியாணி, சர்டிபிகேட். இதுக்கு எதுக்கு இவ்வளவு பெரிய பேரு? — பி.ஃபார்ம் மாணவர், சேலம்

ஒரே ஆடிட்டோரியத்துல உக்காந்தது மட்டும்னா அது இது இல்ல தம்பி. உலக சுகாதார நிறுவனம் 2010-ல இதுக்குன்னே ஒரு வழிகாட்டி வெளியிட்டாங்க, அதுல தெளிவா இருக்கு. ரெண்டோ அதுக்கு மேலயோ தொழில்காரங்க சேர்ந்து படிக்கணும், ஒருத்தர்கிட்ட ஒருத்தர் கத்துக்கணும், ஒருத்தர் வேலை என்னன்னு இன்னொருத்தருக்குப் புரியணும், அதனால நோயாளிக்கு நல்லது நடக்கணும். உங்க ஒர்க்‌ஷாப்ல நர்ஸிங் பொண்ணுங்க உங்களுக்கு எதையாவது சொல்லித் தந்தாங்களா, நீங்க எம்பிபிஎஸ் பசங்களுக்கு ஒரு மருந்தோட இன்டராக்‌ஷனை விளக்கினீங்களா? இல்லன்னா பிரியாணிதான் மிச்சம்.

எப்படி இருக்கணும்னு ஒரு இடம் சொல்றேன். ஸ்வீடன்ல லிங்ஷாப்பிங்னு ஒரு ஊர், அங்க யுனிவர்சிட்டில 1986-ல இருந்தே டாக்டர், நர்ஸ், பிசியோ படிக்கறவங்களை எல்லாம் ஆரம்பத்துலயே ஒண்ணா உக்கார வெச்சு ஒரே பிரச்சனையைக் குடுத்து சேர்ந்து யோசிக்க விடறாங்க. 1996-ல ஒரு படி மேல போய், எலும்பு முறிவு வார்டு ஒண்ணை மாணவர்கள் கையிலயே குடுத்தாங்க. விளையாட்டுக்கு இல்ல, நிஜ வார்டு, நிஜ நோயாளி. மேற்பார்வைக்கு சீனியர்கள் பக்கத்துலயே இருப்பாங்க, ஆனா காலைல யாருக்கு என்ன பண்றதுன்னு முடிவு பண்றது பசங்கதான். நோயாளியைக் குளிப்பாட்டறதுல எம்பிபிஎஸ் படிக்கிற பையனும் கை வைப்பான். இடுப்பு எலும்பு ஆபரேஷன் ஆன பாட்டியை ஒரு தடவை படுக்கைல திருப்பிப் பாத்தவன், அதுக்கப்புறம் "ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பொசிஷன் மாத்தவும்"னு எழுதறப்போ அதுக்கு எத்தனை கை வேணும்னு யோசிப்பான். இதை எந்த லெக்சரும் சொல்லித் தராது.

நைட் டியூட்டில பேஷண்ட் மோசமானா டியூட்டி டாக்டருக்கு போன் பண்ணவே பயமா இருக்கு மேடம். "இதுக்கா எழுப்பினே?"ன்னு திட்டு விழுது. எப்படிப் பேசறது? — ஸ்டாஃப் நர்ஸ், ஊர் வேண்டாம்

இந்தப் பயம் உங்களுக்கு மட்டும் இல்ல கண்ணு. 1967-ல லியோனார்ட் ஸ்டைன்னு ஒரு அமெரிக்க மனநல மருத்துவர் இதைப் பத்தி ஒரு கட்டுரையே எழுதினார். நர்ஸுக்கு என்ன செய்யணும்னு தெரியும், ஆனா நேரா சொல்லக்கூடாது, டாக்டருக்கே தோணின மாதிரி நைசா எடுத்துக் குடுக்கணும், டாக்டரும் ஆலோசனை கேக்கற மாதிரி காட்டிக்காம கேக்கணும், ரெண்டு பேரும் இந்த ஆட்டத்தை ஆடிக்கிட்டே இருக்காங்கன்னு எழுதினார். 1990-ல அவரே திரும்ப எழுதினார், நர்ஸுங்க இந்த ஆட்டத்தை ஆட மாட்டோம்னு சொல்ல ஆரம்பிச்சுட்டாங்கன்னு. நம்ம ஊர் வார்டுல பல இடத்துல இன்னும் 1967-தான் ஓடிட்டிருக்கு.

நீங்க உடனே செய்யக் கூடியது, பேசற வரிசையை மாத்தறது. எஸ்பார்னு ஒரு முறை, அமெரிக்கக் கடற்படை நீர்மூழ்கிக் கப்பல்ல புழங்கினது, அப்புறம் கைசர் பெர்மனென்டே ஆஸ்பத்திரிகள் வழியா மருத்துவத்துக்கு வந்து இன்னிக்கு உலகம் பூரா இருக்கு. இப்ப என்ன நிலைமை, இதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு, எனக்கு என்ன தோணுது, நீங்க என்ன செய்யணும். இந்த நாலு, இதே வரிசைல.

"டாக்டர், 12-ம் பெட் ஒரு மாதிரி இருக்கார்"னு சொன்னா அவர் பாதித் தூக்கத்துல "சரி, பாத்துக்கோங்க சிஸ்டர்"னு வெச்சுடுவார். இப்படிப் பேசிப் பாருங்க: "டாக்டர், சர்ஜிக்கல் வார்டுல இருந்து பேசறேன். 12-ம் பெட் பேஷண்டுக்கு பிபி 86/50, பல்ஸ் 124. நேத்து குடல் ஆபரேஷன் ஆனவர், சாயங்காலம் பிபி 118/76 இருந்துச்சு, கடைசி 3 மணி நேரத்துல யூரின் 40 எம்எல்தான், வயிறு இறுகி இருக்கு. உள்ள பிளீடிங் இருக்குமோன்னு எனக்கு சந்தேகம். நீங்க இப்பவே வந்து பாக்கணும், நீங்க வர்றதுக்குள்ள ட்ரிப்ஸ் வேகத்தைக் கூட்டட்டுமா, ரத்தத்துக்கு சாம்பிள் அனுப்பட்டுமா?" ஒரு நிமிஷம் கூட ஆகாது. டாக்டர் சொல்ற ஆர்டரை அப்படியே திருப்பிச் சொல்லி, அவர் ஆமான்னு சொன்னப்புறம் நேரத்தோட எழுதி வைங்க. போன் பண்றதுக்கு முன்னாடி கேஸ் ஷீட் கையில இருக்கணும், பிபி நீங்களே ஒரு தடவை மறுபடி பாத்திருக்கணும். போன்ல கேக்கலன்னா அவருக்கு மேல இருக்கற டாக்டரையும் உங்க நைட் சூப்பர்வைசரையும் கூப்பிடுங்க, அதுக்குத்தான் அவங்க இருக்காங்க, திட்டு விழும்னு தயங்கி நிக்கற நேரம் பேஷண்டோட நேரம்.

ஒண்ணு மட்டும் எனக்கு ஆத்தாமையா இருக்கு. இந்த முறையை நாம நர்ஸிங் பசங்களுக்கு மட்டும் சொல்லித் தர்றோம். போனை எடுக்கறவருக்கும் எப்படிக் கேக்கறதுன்னு அதே கிளாஸ்ல பக்கத்துல உக்கார வெச்சு சொல்லித் தந்தாதானே முழுசா ஆகும்.

நான் எம்பிபிஎஸ் ஃபைனல் இயர். தப்பா எடுத்துக்காதீங்க ஆன்ட்டி, எங்க சிலபஸே தலைக்கு மேல போகுது. நர்ஸிங் பசங்களோட சேர்ந்து கிளாஸ்னா எங்களுக்கு அதுல என்ன கிடைக்கும்? — மதுரை

தப்பா எடுத்துக்கல, நேரா கேட்டது பிடிச்சிருக்கு. நான் சொன்னேனே, 2010 லான்செட் கமிஷன், அதுல 20 பேர், நம்ம நாட்டுல இருந்து பொது சுகாதார நிபுணர் ஸ்ரீநாத் ரெட்டி, நர்ஸிங் பக்கம் மெலைஸ். 1910-ல அமெரிக்காவுல ஃபிளெக்ஸ்னர் அறிக்கை வந்துதான் மருத்துவப் படிப்பு இன்னிக்கு இருக்கற உருவத்துக்கு வந்தது, சரியா நூறு வருஷம் கழிச்சு இவங்க உக்காந்து பாத்தாங்க. ஒவ்வொரு தொழிலும் தனித்தனி அறைல கதவைச் சாத்திக்கிட்டு படிக்குது, வெளில வந்து ஒரே நோயாளி முன்னாடி நின்னா ஒருத்தருக்கொருத்தர் அந்நியமா இருக்காங்க, இது இனிமே ஆகாதுன்னு சொன்னாங்க.

அந்த அறிக்கைல ஒரு இடம் என்னை ரொம்ப உறுத்துச்சு. உலகத்துல எத்தனை மெடிக்கல் காலேஜ் இருக்குன்னு எண்ணி 2420-ன்னு போட்டிருக்காங்க, பொது சுகாதாரத்துக்கு 467-ன்னு போட்டிருக்காங்க. நர்ஸிங் காலேஜ் எத்தனைன்னு வர்ற இடத்துல எண்ணிக்கை தெரியலன்னு இருக்கு. உலகத்துலயே அதிகமா இருக்கற சுகாதாரப் பணியாளர் நர்ஸ்தான், அவங்க எங்க படிக்கறாங்கன்னு எண்ண ஒரு கணக்கு இல்ல.

உங்களுக்கு என்ன கிடைக்கும்னு கேட்டீங்க. ஹவுஸ் சர்ஜனா முதல் நாள் வார்டுக்குப் போறப்போ, 40 பெட்ல யாருக்கு முதல்ல போகணும்னு உங்களுக்குத் தெரியாது தம்பி, அங்க ராத்திரி பூரா நின்ன சிஸ்டருக்குத் தெரியும். அவங்களை எப்படிக் கேக்கணும், அவங்க சொல்றதுல எது அவசரம்னு எப்படிப் பிரிக்கணும்னு நீங்க முன்னாடியே பழகியிருந்தா அன்னிக்கு ஒரு உயிர் தப்பும். உங்க சிலபஸ்லயே ஹெல்த் டீமோட உறுப்பினராவும் தலைவராவும் இருக்கணும்னு எழுதியிருக்கு, 2019-ல வந்த புது பாடத்திட்டத்துல எடுத்துப் பாருங்க.

சேர்ந்து படிக்கிறது, டீம்னு பேசிப் பேசி கடைசில நர்ஸிங் டாக்டருக்கு அசிஸ்டென்ட் மாதிரிதான் ஆயிடும், நம்ம தனித்தன்மை போயிடும்னு எங்க டிபார்ட்மெண்ட்ல பயப்படறாங்க. உங்க கருத்து? — நர்ஸிங் விரிவுரையாளர், கோயம்புத்தூர்

இந்தக் கேள்விக்குத்தான் மெலைஸோட முழு வாழ்க்கையும் பதில்னு நான் நினைக்கிறேன். அவங்க எதை முதல்ல செஞ்சாங்க, எதைப் பின்னாடி செஞ்சாங்கன்னு பாருங்க. 1985-ல புத்தகம். நர்ஸிங்னா என்ன, அதோட அறிவு எங்க இருந்து வருது, அது எப்படி வளருதுன்னு அடித்தளம் போட்டாங்க. அதுல இருபது இருபத்தஞ்சு வருஷம் உழைச்சப்புறம்தான் லான்செட் மேசைலயும் உலக ஃபோரம் மேசைலயும் போய் உக்காந்தாங்க. வெறுங்கையோட போகல. 2016-ல இந்த சேர்ந்து படிக்கிற கல்விக்கு என்னென்ன தடைன்னே ஒரு கட்டுரை எழுதினாங்க, இதுல நர்ஸிங்குக்கு என்ன நிலைமைன்னு தெரிஞ்சே பேசினவங்க.

தன் அறிவு என்னன்னு தெரியாதவங்க டீம்ல உக்காந்தா அசிஸ்டென்ட்தான் ஆவாங்க, இந்தப் பயம் நியாயம். ஆனா அதுக்காகக் கதவைச் சாத்திக்கறது வழி இல்ல. உதாரணத்துக்கு லிண்டா ஏய்க்கன், அதே பென்சில்வேனியா ஸ்கூல், நர்ஸும் சோஷியாலஜிஸ்ட்டும். 168 ஆஸ்பத்திரிகளைப் பாத்து 2002-ல எழுதினாங்க: ஆபரேஷன் ஆன நோயாளிங்களைப் பாத்துக்கற ஒரு நர்ஸ் தலைல இன்னும் ஒரு நோயாளி கூடினா, 30 நாளைக்குள்ள சாவு நேர்றதுக்கான வாய்ப்பு 7 சதவீதம் கூடுது. இது நர்ஸிங் கேட்ட கேள்வி, நர்ஸிங் கண்டுபிடிச்ச பதில். இதைக் கையில வெச்சுக்கிட்டு எந்த சர்ஜனோட டேபிள்ல வேணா உக்காரலாம், உங்களை யாரும் அசிஸ்டென்ட்னு நினைக்க முடியாது. தியரி பேப்பரை பசங்க போர்னு சொல்றாங்கன்னு நீங்களும் எழுதியிருக்கீங்க. இந்த மாதிரி ஆராய்ச்சியைக் கொண்டு போய் கிளாஸ்ல வைங்க, அப்புறம் பாருங்க.

நம்ம நாட்டுல இது ஏன் நடக்க மாட்டேங்குது? — வாசகி, சென்னை

நடக்கவே இல்லன்னு சொல்ல முடியாது. மெலைஸ் தலைமைல இருந்த அந்த உலக ஃபோரம் ஆரம்பத்துல கனடா, தென்னாப்பிரிக்கா, உகாண்டா, இந்தியான்னு 4 நாட்டுல இதுக்கு சோதனை முயற்சி தொடங்கினாங்க, இங்க பப்ளிக் ஹெல்த் ஃபவுண்டேஷன் ஆஃப் இந்தியா எடுத்து நடத்தினாங்க. மணிப்பால்ல இதுக்குன்னே ஆசிரியர்களுக்குத் தலைமைப் பயிற்சி நடக்குது. ஆனா பரவல.

காரணம் எனக்குத் தெரிஞ்சு, காகிதத்துல எல்லாரும் ஒத்துக்கிட்டாச்சு. எம்பிபிஎஸ் பாடத்திட்டத்துல டீம்னு இருக்கு, 2021-ல வந்த பி.எஸ்சி. நர்ஸிங் பாடத்திட்டத்துல 10 முக்கியத் திறமைல டீம்வொர்க் ஒண்ணு. ஆனா டாக்டருக்கு ஒரு கமிஷன், நர்ஸுக்கு 2023 சட்டப்படி ஒண்ணு, பிசியோ மாதிரி அலைடு படிப்புக்கு 2021 சட்டப்படி வேற ஒண்ணு, ஃபார்மசிக்கு தனி கவுன்சில். எல்லாரும் டீம்னு எழுதறாங்க, அவங்கவங்க டைம்டேபிள்ல மத்தவங்களுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கல. பரீட்சைல மார்க் இல்ல. மார்க் இல்லாததை நம்ம பசங்க படிக்க மாட்டாங்க, வாத்தியாருங்களும் நடத்த மாட்டோம். ரெண்டு கமிஷன் சேர்ந்து ஒரே ஒரு பொது போஸ்டிங்கை கட்டாயமாக்கி மார்க் வெச்சா அடுத்த வருஷமே நடக்கும்.

ஒரு நர்ஸ் யுனிவர்சிட்டிக்கே தலைவரா வர முடியுமா? — எம்.எஸ்சி. மாணவி, நாகர்கோவில்

வந்திருக்காங்கம்மா. மெலைஸுக்கு முன்னாடி அதே ஸ்கூல்ல 1977-ல இருந்து 1990-கள் ஆரம்பம் வரை டீனா இருந்தவங்க கிளேர் ஃபேகின். 1993-94-ல முழு பென்சில்வேனியா யுனிவர்சிட்டிக்கும் இடைக்காலத் தலைவரா இருந்தாங்க, மெடிக்கல் ஸ்கூல், லா ஸ்கூல், வார்ட்டன் பிசினஸ் ஸ்கூல் எல்லாம் அவங்களுக்குக் கீழ. அவங்களோட பிஎச்டி ஆராய்ச்சி எதுன்னா, ஆஸ்பத்திரில இருக்கற சின்னக் குழந்தைகூட அம்மா தங்கலாமா கூடாதாங்கறது. அப்பெல்லாம் பார்வையாளர் நேரம் முடிஞ்சா அம்மாவை வெளில அனுப்பிடுவாங்க. கூட தங்க விடணும்னு இவங்க ஆராய்ச்சியோட சொன்னாங்க. நர்ஸும் டாக்டரும் சேர்ந்து வேலை செய்யறது இனி விருப்பப்பட்டா செய்யற விஷயம் இல்லன்னு 1992-லயே எழுதினவங்களும் இவங்கதான்.

நான் பிசியோதெரபி ரெண்டாவது வருஷம். இதுல எங்களுக்கும் இடம் இருக்கா? — ஈரோடு

கண்டிப்பா. அமெரிக்காவுல 2009-ல இதுக்குன்னு ஒரு கூட்டமைப்பு ஆரம்பிச்சப்போ நர்ஸிங், மருத்துவம், பல் மருத்துவம், ஃபார்மசி மாதிரி படிப்புகளோட 6 அமைப்புதான், பிசியோ பின்னாடிதான் சேர்ந்துச்சு, ஆனா சேர்ந்துச்சு. உங்களுக்கு ஸ்ட்ரோக் வார்டு போஸ்டிங் வர்றப்போ உங்க சார்கிட்டயும் நர்ஸிங் டியூட்டர்கிட்டயும் பேசி, நீங்க ரெண்டு பேரும் அங்க நர்ஸிங் பசங்க ரெண்டு பேரும் ஒரே பேஷண்டை எடுத்துக்கோங்க. பெட்ல இருந்து சேருக்கு எப்படி மாத்தறதுன்னு நீங்க சொல்லிக் குடுங்க, கதீட்டரும் டியூபும் இழுபடாம எப்படிப் பாக்கறதுன்னு அவங்க சொல்லிக் குடுப்பாங்க. பேஷண்டோட வீட்டு ஆளையும் பக்கத்துல நிக்க வெச்சுக்கோங்க. என்ன ஆச்சுன்னு எனக்கு எழுதுங்க.